மறுபடி

துறைமுகத்தில் என் வேலை விரிசல் பார்ப்பது.
தகடும் தகடும் சேர்ந்த இடத்தில்
சிவப்புச் சாயம் தடவி, துடைத்து,
வெள்ளைப் பொடி தூவிக் காத்திருந்தால்
கண்ணுக்குத் தப்பியதெல்லாம்
மெல்லக் கசிந்து மேலே வரும்.
சாக்பீஸால் ஒரு வட்டம்.
வெட்டு. திரும்பப் பற்றவை.
டுலூத்தில் இருபத்திரண்டு குளிர்காலம்
இப்படித்தான் போனது.
மதியச் சாப்பாட்டு மேசையில்
என் எதிர் நாற்காலி காலியாகவே இருக்கும்.

வெர்னா ஸ்கோக்லண்ட் வீட்டு வாசலில்
பழைய சாமான் விற்ற அன்று
பன்னிரண்டு டாலருக்கு வாங்கினேன்:
ஒரு ரப்பர் பீப்பாய், ஒரு மோட்டார்,
சுழலும் இரண்டு தண்டு.
"ராத்திரி பகல் ஓடணும்,
சத்தத்துக்கு நான் பொறுப்பில்லை" என்றாள்.

முதல் ஈடு குட்டிச்சுவர்.
அகேட்டோடு சுண்ணாம்புக்கல்லைச் சேர்த்துப் போட்டேன்.
ஒரு வாரத்தில் அகேட் அப்படியே இருந்தது,
சுண்ணாம்புக்கல்லைக் காணோம்.
மிஞ்சிய சேற்றைத் தொட்டியில் கொட்டினேன்.
குழாய்க்காரன் தலையைச் சொறிந்தான்:
"உங்க குழாய் சிமெண்ட் குடிச்சிருக்கு."

இரண்டாம் ஈட்டுக்குள் கொஞ்சம் புத்தி வந்தது.
கடினத்துக்குக் கடினம்தான் ஜோடி.
பீப்பாய் முக்கால்; நிறைத்தால் உருளாது,
குறைந்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.
முதலில் கரடுமுரடு மணல், பிறகு ரவை,
பிறகு மாவு, கடைசியில் மெருகுப் பொடி.
நடுவில் ஒவ்வொரு முறையும்
நகக்கண் வரை கழுவு.

அதில் ஒன்று இருந்தது.
ஏரிக்கரையில், அக்டோபர் காற்றில்
காது மரத்துப்போய் நான் குனிந்தெடுத்த செந்நிறக் கல்.
உள்ளே வெள்ளை வளையம்,
வளையத்துக்குள் வளையம்.
இடுப்பில் மயிரிழையாய் விரிசல்.
அதற்குள் ஒரே ஒரு மணல் ஒளிந்தால் போதும்,
மெருகேறும் வாரத்தில் வெளியே வந்து
மற்ற எல்லாவற்றையும் கீறிவிடும்.
கை தானாகச் சட்டைப்பையில்
சாக்பீஸைத் தேடியது.

சுத்தியல் ஒரு வழி.
விரிசலோடு தட்டினால்
இரண்டு நல்ல கல் கிடைக்கலாம்.
வேறொன்றில் தட்டிப் பார்த்தேன்:
ஐந்து கெட்ட கல்.
ஆகவே மறுபடி கரடுமுரடு மணல்,
மறுபடி ஏழு நாள்.
மறுபடி.
விரிசல் தேய்ந்தது. கல்லும் தேய்ந்தது.
வெளி வளையம் ஒன்று போனது,
பிறகு அடுத்தது.
எதை எடுக்க எதைக் கொடுக்கிறேன் என்ற கணக்கு
எனக்குப் பழக்கமில்லை;
தகட்டை வெட்டினால் புதுத் தகடு வரும்.

ஜனவரிப் பனிப்புயலில் மின்சாரம் நின்றது.
பீப்பாய் நின்றால் உள்ளே சேறு இறுகும்.
அடுக்களைத் தரையில் உட்கார்ந்து
கையால் உருட்டிக்கொண்டிருந்தபோது
கதவு தட்டப்பட்டது.
சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கும் கர்ட் லாக்சோ.
ஆஸ்பத்திரிச் சலவையில் இரவு வேலை;
அன்று விடுமுறை.
மூன்று மாதமாய் அவன் திட்டுக்குத்
தயாராக வைத்திருந்த மன்னிப்பை
வாய் வரை கொண்டுவந்தேன்.
"ஏன் நின்னுபோச்சு?
தூக்கம் வரலை" என்றான்.

எதிர்ச்சுவரில் சாய்ந்து கால் நீட்டினான்.
நான் தள்ள, அவன் திருப்பித் தள்ள,
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
எங்களுக்கு நடுவே போய்வந்தது பீப்பாய்.
பேச்சு அதிகமில்லை.
போர்வைகளில் எந்தக் கறை போகும், எது போகாது என்று
ஒருமுறை சொன்னான்.

விடிந்ததும் திறந்தோம்.
விரிசல் இருந்தது.
எங்கே என்று அவன் கேட்டதற்காக
வேலைப் பையிலிருந்து சாயத்தை எடுத்துத்
தடவித் துடைத்துக் காட்டினேன்:
வெள்ளை வளையங்களுக்குக் குறுக்கே
சிவப்பாய் ஒரு கோடு.
சோப்புக்குப் போகவில்லை, பிரஷ்ஷுக்கும் போகவில்லை.
"எங்க சலவையிலும் இதுக்கு வழியில்லை" என்றான்.

மூடியில் 'மறுபடி' என்று எழுதிய டப்பா
ஒன்று வைத்திருக்கிறேன். அதில் பதினேழு கல்.
பதினெட்டாவதாக இதைப் போடப் போனவள்
ஈரத்தோடு மேசையிலேயே விட்டுவிட்டேன்.
கர்ட் கொட்டாவி விட்டான்.
மின்சாரம் வந்தது.
அணைக்க மறந்த மோட்டார்
மேலே பீப்பாய் இல்லாமலே
சுற்றத் தொடங்கியது.