பின்னிரவு ஓட்டம்

டார்னீட்டின் வடக்கு விளிம்பில்
இன்னும் புல் மட்டுமே நிற்கும் இடத்துக்கு
நான் ஏற்கனவே தண்ணீர் அனுப்பிவிட்டேன்.
திரையில், நீலக் கோடுகளில்.
இரண்டாயிரத்து நாற்பத்தொன்றின் ஒரு ஜனவரி மாலை,
வெயில் நாற்பத்து மூன்று,
பதினோராயிரம் வீடுகளும் சேர்ந்து குழாயைத் திறந்தாலும்
கடைசித் தெருவின் கடைசி வீட்டில்
அழுத்தம் இருபது மீட்டருக்குக் கீழே இறங்கக்கூடாது.
அதற்குத்தான் சம்பளம்.

அந்தத் தெருவுக்கு ஏரிக்காட்சி வீதி என்று
பலகை நட்டுவிட்டார்கள்.
ஏரி கிடையாது.
காட்சி என்று பார்த்தால்
ஒரு மஞ்சள் பொக்லைன்.

வீட்டுக்கு இரண்டே முக்கால் பேர்
என்கிறது கையேடு.
அந்த முக்கால் ஆளை எட்டு வருடமாகச் சுமக்கிறேன்.
குளிப்பார், பல் தேய்ப்பார்,
ஊதாக் குழாயின் மறுசுழற்சி நீரைப்
புல்தரைக்கு விடுவார்,
பதினொரு மணிக்குச் சமர்த்தாகத் தூங்கிவிடுவார்.
அவர் தூங்கிய பிறகு
மூன்று மணிக்குக் குழாயில் எது ஓடினாலும்
அது கசிவு.
எங்கள் தொழிலில் இதை யாரும்
இரண்டாம் முறை கேட்பதில்லை.

ஏழாம் மண்டலத்தில்
மூன்று இருபதுக்கு வரைகோடு
ஒட்டக முதுகாக எழும்பியது.
நொடிக்கு ஆறு லிட்டர்.
தினமும்.

"எங்கோ உடைந்திருக்கிறது" என்றாள் மெரடித்,
"எத்தனை நீச்சல் குளம் என்று
பத்திரிகைக்காரன் கணக்குப் போடுவதற்குள் கண்டுபிடி."

கோரன் கேட்புக்கோலை எடுத்து வந்தான்.
வால்வு மூடியில் ஒரு முனை, காதில் மறுமுனை.
வைத்தியர் மாதிரி என்று எழுத ஆசைதான்,
ஆனால் அடுத்த வீட்டுச் சண்டையை
ஒட்டுக்கேட்பவன் மாதிரித்தான் இருந்தான்.
"உடைப்பு என்றால் ஒரே சீராகச் சீறும்.
இது நின்று நின்று ஓடுகிறது.
யாரோ திறக்கிறார்கள்,
யாரோ மூடுகிறார்கள்."

தலையை நிமிர்த்தினோம்.
தெரு நெடுக அடுப்படி விளக்குகள்.

எப்பிங் சந்தைக்கு லாரி எடுக்கும் பல்விந்தர்
முகம் கழுவிக்கொண்டிருந்தார்.
முதியோர் இல்லத்து இரவு முறை முடிந்த அச்சோல்
சீருடையை இயந்திரத்தில் திணித்துவிட்டு
ஷவருக்குள் போயிருக்க வேண்டும்,
மாடியில் ஆவி படிந்த கண்ணாடி.
எதிர்வீட்டில் ஒருவன்
அங்கே இன்னும் ராத்திரி ஒன்பதரையாக இருக்கும் தம்பியோடு
போனில் கத்திக்கொண்டே பாத்திரம் துலக்கினான்.

கோரன் வாசல் செருப்புகளை எண்ணினான்.
இந்த வீட்டில் பதினொரு ஜோடி. அடுத்ததில் ஒன்பது.
"இதில் உன் முக்கால் ஆள் யாருடையது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.
சன்ஷைனில் படித்த காலத்தில்
ஒன்பது பேர் வீட்டில்
குளியலறை வரிசையில் ஆறாவது நான்.
துண்டைத் தோளில் போட்டபடி நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன்.
எந்தக் கையேட்டைப் படித்து
என்னையே மறந்தேன்?

கூட்டத்தில் கேட்டேன்:
இருநூற்று இருபத்தைந்து மில்லிமீட்டர் போதாது,
முந்நூறு வேண்டும்.
நூறு வருடம் மண்ணுக்குள் கிடக்கப் போகிற குழாய்.
"ஆதாரம்?"
இரவு முறைகள், விளக்குகள், மீட்டர் அளவுகள்.
"செருப்பு?"
செருப்பும்தான்.
செருப்பு தரவு ஆகாது என்று நிதிப்பிரிவு சொன்னது.
முதன்மைக் குழாய்க்கு முந்நூறு கிடைத்தது.
கிளைகளுக்கு அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாமாம்.
பார்க்கலாம் என்றால் என்ன என்று
எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

மாதிரியில் மூன்று இருபதை உயர்த்தி எழுதினேன்.
வழக்கத்துக்கு மாறான மதிப்பு என்று
மஞ்சள் பெட்டி எழும்பியது.
அணைத்தேன். மறுபடி எழும்பியது.
இருந்துவிட்டுப் போகட்டும்.

அறிக்கையில் எழுதாதது ஒன்று உண்டு.
திரும்பும் வழியில்
நிஜமாகவே ஒரு கசிவு கண்டோம்.
ஏரிக்காட்சி வீதி முனையில்
கட்டுமானக்காரர்கள் சரியாக மூடாத தெருக்குழாய்.
பள்ளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர்,
அதில் இரண்டு காட்டு வாத்துகள்,
வீடு வாங்கி முதலில் குடியேறியவர்கள் போல.
கோரன் திருகுச்சாவியை எடுத்தான்.
"அவசரமா?" என்றான்.
ஐந்து நிமிடம் கழித்து மூடினோம்.