ஏழு மார்க்

கம்பெனி விருந்தில் குலுக்கல்.
டிவி ரோஸ்னாவுக்கு.
எனக்கு ஆறு வாசனையில் ஒரு தேயிலைப் பெட்டி.

பீடோரில் ஞாயிறு, மழை.
மேசையில் ஆறு கோப்பை,
ஒன்றுக்குக் காது இல்லை.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் கிழித்த உறை.
மூன்று நிமிடம் என்கிறது பெட்டி;
கைப்பேசியில் மணி வைத்தேன்.
மின்கட்டண பில்லின் முதுகில்
கட்டம் போட்டேன்: நிறம், மணம், நாக்கு.

பெர்கமோட்டை மோந்து
"ஷாம்பு" என்றார் தர்மசீலன்.
பீச்சுக்கு,
"லாரியில தொங்குற அட்டை."
மல்லிகைக்குக் கொஞ்சம் யோசித்து,
"யாரோ கல்யாணத்துக்குக் கிளம்பிட்டாங்க."
சிரித்துச் சிரித்து
என் கோப்பை ஆறிப்போனது.
எல்லாவற்றுக்கும் ஏழு மார்க்.
செம்பனைக் குலைக்கு மில்லில் இப்படி
ஒரே எடை எழுதினால் விடுவாரா இவர்?

வேலிக்கு மேல் சுவீ லான் நீட்டிய சாமந்தித் தேநீர்: ஏழு.
சாக்கடையோரத்துச் செரையை நசுக்கி அவித்தது: ஏழு.

உறைகளைக் குப்பையில் போட்டுவிட்டு
இரண்டாம் சுற்று.
மோந்தார்.
கோப்பையைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.
எதைத் தேடுகிறார் என்று
அப்போதுதான் புரிந்தது:
உறையில் இருந்த படத்தை.

இலவங்கப்பட்டை அது.
"கல்யாணம்" என்றார், மெதுவாக.

மார்ச் மாதக் காய்ச்சல்.
அதற்குப் பிறகு ஒரு நாள்
அடுப்பில் நெத்திலிச் சம்பல் கருகியபோது
பக்கத்திலேயே உட்கார்ந்து
செய்தி கேட்டுக்கொண்டிருந்தார்.
நான் கத்தினேன்.

பில்லை மடித்தேன்.
கடைத்தூளைக் கொதிக்கவிட்டு
துணிப்பையில் வடித்து
கெட்டிப்பால் மூன்று கரண்டி.

"இனிப்பு தெரியுதா?"
"ம்."
"சூடு?"
நாக்கைச் சுட்டுக்கொண்டவர்
தலையாட்டினார்.