நான்காவது பாஸ்போர்ட் போட்டோ

அடைக்கப்பன் என்று பெயர் வைத்தால்
அடைக்காமல் என்ன செய்வான் என்று
கல்லுக்கட்டி டீக்கடையில் சிரிக்கிறார்கள்.

முதல் முறை பத்தொன்பது நாள்.
அப்புறம் ஏழு மாதம், எந்த நாட்டில் என்று
ஆத்தாவுக்கே தெரியாமல்.
மூன்றாவது நம் மதுரையில்,
விமானம் விட்டு இறங்கின கையோடு.

ஒரே பிணத்தை
இரண்டு பக்கத்துப் பத்திரிகைக்கும் விற்றவன் என்கிறார்கள்.
கேட்டேவிட்டேன்.
"ஆமாம். ஒருத்தன் நாற்பதாயிரம் கொடுத்தான்,
இன்னொருத்தன் இன்னும் கொடுக்கவில்லை."
எனக்கு அது பிடிக்கவில்லை.

பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்த ஒவ்வொரு தடவையும்
என் ஸ்டுடியோவுக்குத்தான் வருவான்.
வெள்ளைத் திரை. காது இரண்டும் தெரியவேண்டும்.
இந்தத் தடவை
இடது காது பாதிதான் இருந்தது.
இருக்கிறது தெரிந்தால் போதும் என்றேன்.

பிளாஷ் அடித்தது.
ஸ்டூல் உருண்டு கிடக்க
அவன் தரையில் குப்புற,
இரண்டு கையும் பிடரியில் கோத்து.
பள்ளி அடையாள அட்டைக்கு வந்த பிள்ளைகள்
வாசலில் சீப்பும் கையுமாக.

விளக்கை அணைத்தேன்.
முன்கதவை முழுசாகத் திறந்துவிட்டேன்.
காரைக்குடி வெயிலுக்கு என்ன பஞ்சம்,
அதிலேயே எடுத்தோம்.

எட்டுப் படம், நூற்றிருபது ரூபாய்.
அடுத்த முறை சேர்த்துத் தருகிறேன் என்றான்.
நோட்டில்
மூன்று பழைய பாக்கிக்குக் கீழே
எழுதிக்கொண்டேன்.