ஒரு ராத்திரி, இரண்டு அறை

நாம் ரெண்டு பேர் மட்டும் என்றுதான்
பங்குனியில் பேச்சு.
வைகாசியில் வண்டி கிளம்பும்போது
பின் சீட்டில் சுபா, பக்கத்தில் அத்தை,
அத்தை மடியில் ஆதிரை.
காலடியில் வெந்நீர் ஃபிளாஸ்க் இரண்டு,
சத்துமாவு, வசம்பு, ஒரு பிளாஸ்டிக் தொட்டி.
(லாட்ஜ் வாளியில பிள்ளையைக் குளிப்பாட்ட முடியுமா, மாப்பிள்ளை?)
முன் சீட்டில் மாமா.
பெல்ட்டை நான்தான் மாட்டிவிட்டேன்.

மேலூர் தாண்டும்வரை யாரும் பேசவில்லை.
திருப்பத்தூர் பக்கத்தில் மாமா சொன்னார்:
"இது நூத்திப்பத்து கே.வி. லைன்."
அதற்கு என்ன பதில் சொல்வதென்று
பிள்ளையார்பட்டி வரை யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

குன்றக்குடி ஏறவில்லை.
படி, வெயில், அத்தையின் மூட்டு.
காரைக்குடி மெஸ்ஸில் உப்புக்கறி.
சுபா ஒரு கையால் சாப்பிட்டாள்,
இன்னொரு கையில் ஆதிரை.
எட்டு மாதமாக அப்படித்தான் சாப்பிடுகிறாள்.
அந்த இலைக்கு எதிரே உட்கார்ந்தபோதுதான்
அதை நான் பார்த்தேன். இல்லை,
அத்தை பார்ப்பதைப் பார்த்தேன்.

ஆத்தங்குடியில் ஒரு பெரிய வீடு.
ஆளுக்கு ஐம்பது, கைக்குழந்தைக்கு இல்லை.
வழிகாட்டிப் பையன் மூச்சு விடாமல் ஒப்பித்தான்:
பர்மா தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி,
முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுவர்.
மாமா சுவரைப் பார்க்கவில்லை.
கறுப்பு வட்ட சுவிட்சுகளைப் பார்த்தார்,
மரப்பட்டைக்குள் ஓடும் வயரைப் பார்த்தார்.
"எர்த் குடுத்திருக்கா?" என்றார்.
முப்பத்தொரு வருஷம் மின்வாரியம்.
பையனின் பாடத்தில் அந்த வரி இல்லை.

அப்போதுதான் ஆதிரை வீறிட்டாள்.
ஊரே பந்தியில் உட்காரக் கட்டிய கூடம்
அந்த ஒரு குரலை வாங்கி
திருப்பித் திருப்பிக் கொடுத்தது.
பால், கிலுகிலுப்பை, என் கார்ச் சாவி,
எதுவும் எடுபடவில்லை.
அத்தை டயப்பரை அவிழ்த்து
துண்டுகூட விரிக்காமல்
சிவப்பும் பச்சையுமாய்ப் பூப்போட்ட தரையில்
வெறும் முதுகோடு கிடத்தினாள்.
'தொடாதீர்கள்' என்று கண்ணாடிக்கு எழுதியிருந்தது,
தூணுக்கு எழுதியிருந்தது,
தரைக்கு இல்லை.
முதுகில் குளிர்ச்சி ஏறியதும்
பாதி அழுகையில் வாயை மறந்துவிட்டு
மேலே பார்த்தாள்.
பார்த்தபடியே தூங்கிப்போனாள்.

"ரெண்டு நிமிஷம்" என்று
சுபாவும் தூணில் சாய்ந்தாள்.
வாய் லேசாகத் திறந்து,
கொலுசு ஒன்று கழன்று,
தலை ஒரு பக்கமாய்ச் சரிந்து.
பிரான்ஸிலிருந்து வந்த ஒரு ஜோடி
செருப்பில்லாத காலையும் மெல்ல எடுத்து வைத்துச்
சுற்றிப் போனது.

வளவில் வெயில் நகர்ந்து நகர்ந்து
சுபாவின் பாதத்துக்கு வந்தபோது
மாமா எழுந்து போய் அங்கே நின்றார்.
கொஞ்ச நேரம் கழித்து அரை அடி தள்ளி நின்றார்.
பிறகு இன்னும் அரை அடி.
எழுப்பலாமா என்று நான் கையைக் காட்ட,
வழியெல்லாம் கண்டாங்கிக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்த அத்தை
"கடை எங்கயும் ஓடிடாது" என்றாள்.

ஒன்றே முக்கால் மணி நேரம்.
ஆதிரை எழுந்தபோது தரையில் ஒரு சின்னக் குளம்.
மாமா தோள்துண்டால் துடைத்தார்.
பையன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராத்திரி இரண்டு மணிக்கு
லாட்ஜில் மறுபடி ஆரம்பித்தாள்.
கதவு தட்டும் சத்தம்.
பனியனோடு மாமா.
"கொடுங்க மாப்பிள்ளை."
நடைவழியில் அவர் குரல்,
எனக்குத் தெரிந்து முதல் தடவையாக நீளமாய்:
"இது லைட்டு. இது ஃபேனு.
இது எதுக்குன்னு அவனுக்கே தெரியாது."
கதவடியில் வெளிச்சக் கோடு
அணைந்தது, எரிந்தது, அணைந்தது.

சுபா என் பக்கம் திரும்பி
"தூங்கிட்டியா?" என்றாள்.
பதில் சொல்ல வாயெடுத்ததுவரை
ஞாபகம் இருக்கிறது.