பத்துக்குப் பத்து

பில்லின் நான்காவது வரிக்கு வந்ததும்
விரல் நின்றுவிடும் எல்லோருக்கும்.
வெள்ளி, செய்கூலி, பெட்டி,
அதன் கீழே
மஜ்ஜை – நாற்பது ரூபாய்.
"இது என்னம்மா, புது வரியா?"
ஷெனாய் நகர் கண்காட்சியில் ஒருவர் கேட்டார்.
இல்லை சார்,
சேதாரம் நான் போடுவதில்லை.
அந்த இடம் காலியாக இருந்தது.

ராயபுரத்தில் ஒன்றரை அறை.
மிண்ட் தெருவில் காலையில் வாங்கும் கம்பி
மதியம் வளைந்து,
காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் நேரத்துக்கு
ஜிமிக்கியாகத் தொங்கும்.

தம்பி கிளாட்வினுக்கு
நான் பாதிதான் பொருந்தினேன்.
கூடப் பிறந்தவள். அவன் சட்டையை நானும்
என் அம்மையை அவனும் வாங்கிக்கொண்டு வளர்ந்தோம்.
பாதி.
முழுதாகப் பொருந்திய ஒருவர் எங்கோ இருந்தார்.
மூன்று முறை சரி என்றாராம்.
நான்காவது முறை ஃபோனை எடுக்கவில்லை.
ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லமாட்டார்கள்.
கோபத்துக்கு ஒரு முகம் கிடைக்காமல்
ஐம்பத்தாறு சி பஸ்ஸில்
எதிரே உட்கார்ந்த எல்லோரையும்
கொஞ்சம் கொஞ்சம் வெறுத்துக்கொண்டு போனேன், ஒரு வருடம்.

இப்போது கடை போடும் இடமெல்லாம்
பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மேஜை.
விண்ணப்பம், பஞ்சுக்குச்சி, உறை.
உரைகல்லில் இழைப்பது போல
கன்னத்தின் உட்புறம் சில விநாடிகள்.
"முதுகெலும்புல ஊசி குத்துவாங்களாமே?"
கையில்தான், பெரும்பாலும், என்பேன்.
அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லை
ஒருநாளும் விழுங்கியதில்லை.
வெள்ளியில் செம்பு எவ்வளவு என்று
சொல்லி விற்கிறவள் நான்.

சுபாஷிணி அங்கேதான் தேய்த்துக் கொடுத்தாள்.
கொளத்தூர், இருபத்தாறு வயது,
மீன் தோடு ஒரு ஜோடி.
ஒன்றே முக்கால் வருடம் கழித்து
ஐப்பசி மழையில் சொட்டச் சொட்டப் படியேறி வந்தாள்.
"ஃபோன் பண்ணிட்டாங்க அக்கா."
தையில் கல்யாணம்.
அம்மா சாப்பிடாமல் படுத்திருக்கிறாளாம்.
"மாப்பிள்ளையோட எட்டுப் பொருத்தம்,
யாருன்னே தெரியாத ஒருத்தரோட பத்துக்குப் பத்து."
சிரிக்கப் பார்த்தாள்.
வேண்டாம்னு சொல்லிடட்டுமா?

இதை என்னிடம் வந்தா கேட்பாள்.

கிளாட்வினின் படம் அவள் தலைக்கு நேர் பின்னால்.
அவள் திரும்பவில்லை.
நாக்கு நுனிவரை வந்துவிட்டான்.
சொல்லியிருந்தால் அது கேட்பது ஆகாது,
கையை முறுக்குவது.
டீ போட்டேன். சர்க்கரை கூடிவிட்டது.
ஒரு டாக்டரின் எண்ணை எழுதிக் கொடுத்து
அம்மாவையும் கூட்டிப் போ என்றேன்.
அப்புறமும் வேண்டாம் என்றால்
சீக்கிரம் சொல்லிவிடு.
அங்கே படுத்திருக்கிறவருடைய மஜ்ஜையை
மருந்து கொடுத்துத் துடைத்த பிறகு
சொல்லாதே.
இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இடறியது.
அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

மாசியில் வந்தாள்.
தாலிச்சரட்டில் மஞ்சள் இன்னும் வெளுக்கவில்லை.
"திருகாணி ஒண்ணு தொலைஞ்சுபோச்சு."
புட்டியைத் துணியில் கொட்டினேன்.
பார்க்க எல்லாம் ஒரே மாதிரி,
மரை ஏறாது.
ஒன்று, இன்னொன்று,
எட்டாவது வழுக்கியது,
ஒன்பதாவது ஏறியது.
தோட்டை வாங்க அவள் நீட்டியபோது
முழங்கை மடிப்பில் கன்றிய தடம்,
மஞ்சளாகக் கலைந்துகொண்டு.
காய்ச்சலுக்கு ரத்தம் எடுத்திருக்கலாம்.
எங்காவது இடித்துக்கொண்டிருக்கலாம்.
தையில் காய்ச்சல் எல்லோருக்கும்தான் வந்தது.

நான் கேட்கவில்லை.
அவளும் படத்தை இந்த முறை பார்த்தாள்,
யார் என்று கேட்கவில்லை.

காசு வேண்டாம் என்றேன்.
ரொம்ப இறுக்காதே, ராத்திரி காது வலிக்கும் என்றேன்.
தலையைச் சாய்த்து
இறுக்கிக்கொண்டே படியிறங்கினாள்.