நான்கு மூலையிலும்

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தார்கள்.
டேங்கர் வேகன்களை எண்ணிக்கொண்டு நின்றேன்,
நாற்பத்தேழு.

ஃபெல்சியா அக்கா
சிபியூவின் பக்க மூடியைக் கழற்றி
டேபிள் ஃபேனை அதற்குக் காட்டிவைத்திருந்தார்
காய்ச்சல்காரனுக்கு விசிறுவதுபோல்.
உப்புக் காற்றில் ஸ்க்ரூவெல்லாம் துரு.
லோகோ வரும், வட்டம் சுற்றும், அணையும்.
மறுபடி லோகோ.
வாசலில் ஆதார் திருத்த ஆறு பேர்.

எஃப் எட்டைத் தட்டிக்கொண்டேயிருந்தேன்,
உள்ளே ஆளிருந்தும் திறக்காத கதவை
தட்டுவதுபோல்.

சேஃப் மோட்.
கறுப்புத் திரை.
நான்கு மூலையிலும் அதே இரண்டு சொல்.
ஐகானெல்லாம் செங்கல் அளவுக்கு ஊதிப்போய்.
சத்தமில்லை, நெட் இல்லை.

"அவர் படம் எங்க?"

வால்பேப்பரில் இருந்தவர்.
காசிமேட்டில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியவர்.

"அழியலக்கா.
இப்ப அதக் கூப்பிடல, அவ்ளோதான்."

எழுந்ததும் ஓடிவருகிறவற்றின் பட்டியலைத் திறந்தேன்.
பதினேழு.
எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு
ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன்.
வைத்து ஒரு ரீஸ்டார்ட்,
வைத்து ஒரு ரீஸ்டார்ட்.
ஆறு பேரில் இரண்டு பேர்
டீ குடிக்கப் போய்விட்டார்கள்.
பதினோராவதில் விழுந்தது,
நேற்று மச்சான் போட்டுக்கொடுத்த
ஸ்கேனர் டிரைவர்.

அதைத் தூக்க
மறுபடி கறுப்புக்குள் போனபோது
அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.
"இதுலயே வேல செய்ய முடியாதா, ஜெபா?"

"பிரிண்ட் வராதுக்கா."

"ஆமா," என்றார்.
"பிரிண்ட் வேணும்."
ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.