இரண்டு முழம்

நெடுந்தீவு இறங்குதுறையில்
ஐஸ்பெட்டி வண்டில் இழுக்கும் மட்டக்குதிரை.
கழுத்து நைலோன் கயிறு உள்ளே போய்
அதன்மேல் தோல் வளர்ந்திருந்தது.

மிருகவைத்தியர் சுகிர்தா வெட்டி எடுத்தா.
இரண்டு முழம்.
"இதை உம்மட கழுத்தில கட்டட்டோ?"

அமலதாஸ் வாய் திறக்கவில்லை.
ஐஸ் உருகிச் சீமெந்தில் ஓடியது.
குதிரை குனிந்து
மீன்வெடுக்கோடு அதை நக்கியது.

"கடைசியாத் தண்ணி வைச்சது எப்ப?"

விரல் மடித்தான்.
மூன்றாவது விரலில் நிறுத்தினான்.

இப்போது துறையில் பாதியாய் அறுத்த நீலப் பீப்பாய்,
மேலே நாலு கிடுகு.
உவர்க்கிணறுகள் தாண்டி
அமலதாசின் சைக்கிளில் நல்லதண்ணி வருகிறது.

கயிறு கிடந்த வட்டத்தில்
மயிர் வெள்ளையாய் முளைக்கிறது.
தடவ, படகுக்கு நிற்கிற எவரையும் விடும்.

அமலதாசை
இன்னும் இல்லை.